பின் சக்கர பேரிங்: நட்டை எவ்வளவு இறுக்குவது?

குழாய்ச்சட்டம்

வணக்கம் நண்பர்களே. மூன்று வருடமாக வீட்டிலேயே கட்டிக்கொண்டிருந்த இரண்டு இருக்கை வண்டி ஒருவழியாக ஓட ஆரம்பித்துவிட்டது. 25 மி.மீ சதுரக் குழாயில் சட்டம். எஞ்சினும் கியர்பாக்ஸும் இருக்கைக்குப் பின்னால். முன்சக்கரத்தில் ஓடும் ஒரு ஹேட்ச்பேக்கின் முன்பக்கத்தை அப்படியே கழற்றிப் பின்பக்கத்தில் வைத்திருக்கிறேன். நக்கிள் (பேரிங் உட்காரும் வார்ப்பு), ஹப் (சக்கரம் பூட்டப்படும் நடுப்பகுதி), டிரைவ் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுற்றும் தண்டு) எல்லாம் அதிலிருந்து வந்தவை. ஸ்டீயரிங் ராடு வரும் இடத்தில் மட்டும் அசையாத ஒரு கம்பியைப் பூட்டிவிட்டேன். மொத்த எடை 640 கிலோ.

300 கி.மீ கூட ஆகவில்லை, இடது பின் சக்கரத்தில் இரைச்சல் வந்துவிட்டது. 40 வேகத்தைத் தாண்டினால் கேட்கிறது. டயர் சத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வலப்பக்கம் வளையும்போது கூடுகிறது, இடப்பக்கம் வளைந்தால் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ‘டொக்’ என்று சின்ன ஆட்டம் தெரிகிறது.

பேரிங் புதுசு. நானே பொருத்தினேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சொன்னபடி, ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, அப்புறம் கால் சுற்று தளர்த்திப் பூட்டினேன். இப்போது இன்னொருவரிடம் கேட்டால், ஸ்பானரில் நீளக் குழாயை மாட்டி மேலே ஏறி நிற்கச் சொல்கிறார். ஒருவருக்கு விரல் இறுக்கம் போதும், இன்னொருவருக்கு ஆளே ஏறி நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

எது சரி? இப்போது இறுக்கினால் சரியாகிவிடுமா, இல்லை பேரிங் போய்விட்டதா? இந்த வண்டியில் என் மகளை உட்கார வைத்து ஓட்டப்போகிறேன். அதனால் குருட்டாம்போக்கில் எதையும் செய்ய மனம் வரவில்லை.

பழைய லேத்து

தம்பி, முதல் வேலையாக வண்டியை நிறுத்திவையுங்கள். சக்கரம் தரையில் நிற்கட்டும், ஆனால் உருட்ட வேண்டாம்.

உங்களுக்குச் சொன்ன இரண்டு பேருமே தெரிந்துதான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒருவர் சொன்னது ஒருவகை பேரிங்குக்கு, மற்றவர் சொன்னது வேறு வகைக்கு. வீட்டில் வண்டி கட்டுபவர்கள் அதிகம் இடறுகிற இடம் இதுதான். பல வண்டிகளின் உறுப்புகளைச் சேர்த்துக் கட்டுகிறோம், ஆனால் இறுக்கும் முறையை மட்டும் ஒரே ஒருவரிடம் கேட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் அதையே செய்துவிடுகிறோம்.

தளர்த்திப் பூட்டும் முறை தனித்தனி டேப்பர் ரோலர் (கூம்பு உருளை) பேரிங்குக்கு உரியது. டிரெய்லர் சக்கரங்களிலும், பழைய வண்டிகளில் எஞ்சின் ஓட்டாத சக்கரங்களிலும் அதைப் பார்க்கலாம். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு பேரிங், நடுவே ஒன்றுமே இருக்காது. நட்டைத் திருகினால் வெளி பேரிங்கின் இன்னர் ரேஸ் (உள்வளையம்) நேராக உள்ளே நகரும். கூம்புக்குள் கூம்பு போவதால் இடைவெளி குறைந்துகொண்டே வரும். அங்கே நட்டுதான் அளவுகோல். ஹப்பைச் சுற்றிக்கொண்டே 25, 30 நியூட்டன் மீட்டர் (திருகும் விசையின் அளவு) வரை இறுக்கி ரோலர்களை உட்கார வைத்து, முழுதாகத் தளர்த்தி, மறுபடி விரலால் மட்டும் இறுக்கி, நட்டு சுழலாமல் பூட்டும் ஸ்பிளிட் பின்னின் துளை நேராக வராவிட்டால் தளர்த்தும் பக்கமாகத்தான் அடுத்த பள்ளத்துக்குத் திருப்ப வேண்டும். கடைசியில் 0.03 முதல் 0.10 மி.மீ வரை ஆட்டம் இருக்கலாம். அந்த பேரிங்கில் ஆள் ஏறி நின்றால் ரோலரும் ரேஸும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும், கிரீஸ் தீய்ந்துவிடும்.

உங்களுடையது அது அல்ல. முன்சக்கர இயக்க வண்டியின் நக்கிள் என்றால் உள்ளே இருப்பது ஒரே கட்டாக வரும் இரட்டை வரிசை பேரிங். அவுட்டர் ரேஸ் (வெளிவளையம்) ஒன்று, இன்னர் ரேஸ் மட்டும் இரண்டு பாதி. இரண்டு பாதிகளும் நடுவில் ஒன்றோடொன்று முட்டி நிற்க வேண்டும். முட்டி நின்றபின் குண்டுகளுக்கு எவ்வளவு இடைவெளி என்பதைத் தொழிற்சாலையிலேயே அரைத்துத் தீர்மானித்துவிட்டார்கள். நீங்கள் எவ்வளவு இறுக்கினாலும் அது மாறாது. இங்கே நட்டுக்கு ஒரே வேலைதான்: ஒரு பக்கம் ஹப்பின் தோள், மறுபக்கம் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்டின் தோள், இடையில் அந்த இரண்டு பாதிகள், எல்லாவற்றையும் ஒரே இரும்புத் துண்டுபோல நெருக்கிப் பிடிப்பது. 22 மி.மீ மரையில் 230 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் பிடிமானம் 5 டன்னுக்கு மேல் வரும். அது இல்லாவிட்டால் பாதிகள் விலகும், குண்டுகள் தங்கள் பாதையை விட்டு ஓரத்தில் ஏறி ஓடும், இன்னர் ரேஸ் ஹப்பின் மேலேயே வழுக்கிச் சுற்ற ஆரம்பிக்கும்.

எனவே நீங்கள் தளர்த்திய அந்தக் கால் சுற்றுதான் காரணம் என்று நினைக்கிறேன். வளைவைப் பற்றி நீங்கள் கவனித்ததும் பொருந்துகிறது. வலப்பக்கம் வளையும்போது பாரம் இடது சக்கரத்தின் மேல் சாயும்.

உறுதி செய்துகொள்ள இரண்டு சோதனைகள். டயரை ஆட்டும்போது இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், அப்படியே இருந்தால் நக்கிளைத் தாங்கும் மூட்டுகளான புஷ் அல்லது பால் ஜாயின்ட். அடுத்தது, எஞ்சினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றியபடி மறு கையால் காயில் ஸ்பிரிங்கைத் தொட்டுப் பாருங்கள். கெட்ட பேரிங் என்றால் ஸ்பிரிங் வழியாக மணலில் உரசுவது போன்ற நறநறப்பு விரலுக்கு வரும். காதுக்கு எட்டாததுகூட விரலுக்கு எட்டும்.

ஒரு கேள்வியும் உண்டு. வண்டி கட்டும்போது டிரைவ் ஷாஃப்ட் மாட்டுவதற்கு முன்பே சக்கரம் போட்டு உருட்டினீர்களா?

மணல்வண்டி

பழைய லேத்து அண்ணா சொல்வதற்குப் பக்கபலமாக ஒன்று. என்னுடையது ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் தளத்தின் மேல் கட்டிய பக்கி (திறந்த சின்ன வண்டி). அதன் பின் ஆக்சில் நட்டு 36 மி.மீ, இறுக்க வேண்டியது 217 பவுண்டு அடி, அதாவது ஏறத்தாழ 294 நியூட்டன் மீட்டர். ஸ்பிளிட் பின் துளை நேராக வராவிட்டால் மேலும் இறுக்கித்தான் நேர் செய்ய வேண்டும், ஒருபோதும் தளர்த்தக் கூடாது. டிரெய்லருக்குச் சொன்னதற்கு நேர் எதிர். நான் முதல் வருடம் தளர்த்தித்தான் பின் போட்டேன். பிரேக் டிரம்மின் உள்பற்கள் ஆக்சிலின் மேல் ஆடி ஆடி மொட்டையாகிவிட்டன. பேரிங் தப்பியது, டிரம் போனது.

குழாய்ச்சட்டம்

அண்ணா, இரண்டு சோதனையும் செய்தேன். பிரேக்கை மிதித்தால் ஆட்டம் முழுதாக நின்றுவிடுகிறது. ஸ்பிரிங்கில் கை வைத்தபோது இடப்பக்கம் நீங்கள் சொன்ன அதே நறநறப்பு. வலப்பக்கத்தில் எதுவும் இல்லை.

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. ஆமாம், உருட்டினேன். எஞ்சின் ஏறுவதற்கு முன்பே நான்கு சக்கரமும் மாட்டிவிட்டேன். ஷெட்டில் இடம் போதாது. காலையில் வெளியே தள்ளி வெல்டிங், மாலையில் உள்ளே தள்ளிப் பூட்டு. எட்டு மாதம் இப்படி. ஹப்பின் நடுவே வெறும் ஓட்டைதான் இருந்தது. அது தவறா?

பழைய லேத்து

தவறுதான், ஆனால் பலரும் செய்வது. நானும் செய்திருக்கிறேன். எனக்கும் யாரும் சொல்லவில்லை.

ஷாஃப்ட் இல்லாத ஹப்பில் இன்னர் ரேஸின் இரண்டு பாதிகளையும் நெருக்கிப் பிடிக்க ஆளே இல்லை. வெளிப் பாதி ஹப்போடு ஒட்டியிருக்கும், உள் பாதி சும்மா தொங்கும். வண்டியின் எடை முழுவதும் கோணலாக இறங்கும். நின்ற இடத்தில் லேசாக முன்னும் பின்னும் அசைந்தாலே குண்டுகள் ரேஸில் பள்ளம் பதிக்கும். பழுதான டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்டின் ஸ்டப் துண்டை (ஹப்புக்குள் நுழையும் மரைமுனை) ஹப்பில் மாட்டி நட்டை இறுக்கிவிட்டு உருட்டினால் ஒன்றும் ஆகாது. பழைய ஜாயின்ட்டைத் தூக்கி எறியாமல் இதற்காகவே ஜோடியாக வைத்திருக்கிறேன்.

இனி இறுக்கிப் பயனில்லை. பாதை கெட்ட பேரிங்கை எந்த இறுக்கமும் மீட்காது. கழற்றிவிடுங்கள்.

கழற்றும்போது ஹப்பை வெளியே தள்ளினால் இன்னர் ரேஸின் வெளிப் பாதி ஹப்போடு ஒட்டிக்கொண்டு வரும். பயப்பட வேண்டாம், எல்லாருக்கும் அப்படித்தான் வரும். கிரைண்டரில் அதன் மேல் ஒரு கோடு போடுங்கள், முக்கால் ஆழம் போதும். உளியை வைத்து ஒரே தட்டு, ‘டக்’ என்று வெடித்து நழுவிவிடும். முழு ஆழம் வெட்டப் போனால் ஹப்பில் கோடு விழுந்துவிடும். அது விழுந்தால் ஹப்பும் போச்சு. கழன்றதும் ஹப்பின் கழுத்தைத் துடைக்காமல் பாருங்கள். செம்பழுப்பு நிறத்தில் மாவுபோலத் தூள் இருந்தால் ரேஸ் அதன்மேல் சுற்றியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது மைக்ரோமீட்டர் போட்டு, ரேஸ் உட்காரும் இடத்தையும் தேயாத ஓரத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் தெரிந்தால் வேறு ஹப் தேடுங்கள். பிசின் ஊற்றி ஒட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், சக்கரம் விஷயத்தில் வேண்டாம்.

பொருத்துவதில் நான் விடாமல் பிடிப்பது ஒன்றுதான்: தள்ளுகிற விசை குண்டுகள் வழியாகப் போகக் கூடாது. நக்கிளுக்குள் பேரிங்கை ஏற்றும்போது அவுட்டர் ரேஸை மட்டும் தள்ளுங்கள். அதற்குப் பழைய அவுட்டர் ரேஸே நல்ல கருவி. வெளிப்புறத்தைக் கொஞ்சம் அரைத்துவிட்டால் ஓட்டையில் சிக்காது. பேரிங் அடியில் முட்டியதை உறுதி செய்துகொண்டு, அது வெளியே நகராமல் பிடிக்கும் சர்க்ளிப் வளையத்தைப் போடுங்கள். அது பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்ததா என்று ஸ்க்ரூடிரைவர் நுனியால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். அப்புறம் ஹப்பை ஏற்றும்போது இன்னர் ரேஸுக்கு அடியில் சரியான அளவுக் குழாய் ஒன்றை முட்டுக்கொடுங்கள். இந்த முட்டுக்குழாயை மறந்துவிட்டு நக்கிளைப் பிடித்துக்கொண்டு ஹப்பை அழுத்துகிறவர்கள்தான் புது பேரிங்கை ஒரு நிமிடத்தில் கெடுப்பவர்கள். அழுத்தம் முழுவதும் குண்டுகள் வழியாக இறங்கி ரேஸில் வரிசையாகக் குழி பதியும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. 500 கி.மீ கழித்துப் பாடும்.

பிரஸ் சின்னது என்றால் வெப்பத்தின் உதவியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பேரிங்கின் வெளிவிட்டம் என்ன?

குழாய்ச்சட்டம்

34 உள், 64 வெளி, 37 அகலம். வார்ப்பிரும்பு நக்கிள். அந்த வண்டியின் கைநூலைத் தேடி எடுத்துவிட்டேன், நட்டுக்கு 230 நியூட்டன் மீட்டர் போட்டிருக்கிறது. என்னிடமுள்ள டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) 110 வரைதான்.

பழைய லேத்து

64 என்றால் கணக்கு எளிது. பேரிங்கைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வையுங்கள். நக்கிளை 80 டிகிரிக்குச் சூடாக்குங்கள். அதற்கு மேல் வேண்டாம், பேரிங்கின் ரப்பர் சீலும் கிரீஸும் தாங்க வேண்டும். பேரிங் சுருங்குவதும் நக்கிள் விரிவதும் சேர்ந்து 0.07 மி.மீ அளவுக்கு வழிவிடும். பெரும்பாலும் கைவிசையிலேயே பாதி தூரம் போய்விடும், மீதிக்குச் சின்ன பிரஸ் போதும். பையைப் பிரித்ததும் தாமதிக்காதீர்கள், ஈரம் துளிர்க்கும்.

230க்கு ரெஞ்ச் இல்லாவிட்டால் உங்கள் எடையே ரெஞ்ச். உங்கள் எடை எவ்வளவோ அதை 9.81 ஆல் பெருக்கி, 230ஐ அதனால் வகுத்தால் நட்டிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று வரும். 67 கிலோ என்றால் 35 செ.மீ. கம்பி தரைக்கு இணையாக இருக்கும்போது, துள்ளாமல், மெதுவாக எடையை இறக்குங்கள். இம்பாக்ட் ரெஞ்சால் முடிக்காதீர்கள், எவ்வளவு போனது என்றே தெரியாது. புது நட்டு போடுங்கள், மரையைத் துடைத்துச் சுத்தமாக வையுங்கள். இறுக்கி முடிக்கும்வரை வண்டியின் எடை அந்தச் சக்கரத்தில் இறங்கக் கூடாது. சக்கரம் சுற்றாமலிருக்க ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். கடைசியில் நட்டின் கழுத்தை ஷாஃப்டின் பள்ளத்தில் தட்டி மடக்கிவிட்டு, நட்டுக்கும் ஷாஃப்டுக்கும் குறுக்கே பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள்.

அலுமினியக்கட்டி

இந்த இழையைத் தேடி வருகிறவர்களில் நக்கிளையே சொந்தமாகக் கடைந்தவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காக என் அனுபவம்.

நான் அலுமினியக் கட்டியில் கடைந்து, 30206 டேப்பர் பேரிங் இரண்டை முதுகோடு முதுகாகப் போட்டேன். உள் 30, வெளி 62. இன்னர் ரேஸ்களுக்கு நடுவே ஒரு கெட்டி ஸ்பேசர். இப்படிச் செய்தால் டேப்பர் பேரிங்கையும் முழு இறுக்கம் இறுக்கலாம், ஏனென்றால் இடைவெளியை ஸ்பேசரின் நீளம் தீர்மானிக்கிறது. வேண்டுமென்றே கொஞ்சம் நீளமாக வெட்டி, மாட்டி, முழுதாக இறுக்கி, டயல் கேஜில் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) ஆட்டத்தை அளந்தேன். 0.20 மி.மீ வந்தது. எனக்கு வேண்டியது 0.05. ஸ்பேசரில் 0.15 அரைத்தேன். சரியாக வந்தது.

ஆனால் 10 கி.மீ ஓட்டிவிட்டு அளந்தால் மறுபடி 0.15. நான் ஹப்பைச் சுற்றாமலே இறுக்கியிருந்தேன். ரோலர்கள் ரேஸின் தோளில் போய் உட்காரவில்லை, கேஜ் காட்டியது பொய் அளவு. அதிலிருந்து ஹப்பை இருபது சுற்றாவது சுற்றாமல் கேஜைத் தொடுவதில்லை. இன்னொன்று, அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிகிறது. குளிர்ந்தபோது இறுக்கமாக இருக்கும் அவுட்டர் ரேஸ், பிரேக் சூடு ஏறினால் தளரலாம். ஓட்டையைக் கடையும்போதே அதை மனதில் வைத்து இறுக்கம் கூட்டிக் கடைய வேண்டும்.

குழாய்ச்சட்டம்

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

கழற்றியதில் பழைய லேத்து அண்ணா சொன்ன அத்தனையும் கண்ணில் பட்டது. இன்னர் ரேஸின் பாதி ஹப்போடு வந்தது. அவுட்டர் ரேஸில், குண்டுக்குக் குண்டு எவ்வளவு தூரமோ அதே தூரத்தில் மங்கலாக ஏழு குழிகள். ஷெட்டில் உருட்டிய நாள்களின் கணக்கு அது. ஹப் கழுத்தில் விரலால் வழித்தால் ஒட்டுகிற அளவுக்குச் செம்பழுப்புத் தூள். மைக்ரோமீட்டரில் 0.04 குறைவு. அந்த ஹப்பை ஓரம்கட்டிவிட்டு இன்னொன்று வாங்கினேன்.

பேரிங் ஃப்ரீசரிலிருந்து வந்து முக்கால்வாசி கையாலேயே இறங்கியது, நம்பவே முடியவில்லை. நான் சரியாக 67 கிலோ, அதனால் 35 செ.மீட்டரில் சாக்பீஸால் கோடு போட்டு அதன்மேல் ஏறினேன். மறுநாள் ஒரு நண்பரின் பெரிய ரெஞ்சை 230இல் வைத்துப் பார்த்தேன். நட்டு நகராமல் ‘கிளிக்’ என்றது.

இதுவரை 240 கி.மீ. இரைச்சல் இல்லை. ஓட்டி நிறுத்தியதும் இரண்டு பக்க ஹப்பையும் தொட்டுப் பார்க்கிறேன், ஒரே மாதிரி வெதுவெதுப்பு. இடது நட்டின் வெள்ளைக் கோடு முறியாமல் இருக்கிறது. ஆனால் வலது பக்கத்தையும் அதே எட்டு மாதம் உருட்டியிருக்கிறேன், அதே கால் சுற்று தளர்த்தியிருக்கிறேன். சத்தம் வரவில்லை என்பதற்காக அதை அப்படியே விட எனக்கு மனமில்லை. அதற்கான புது பேரிங் இப்போது ஃப்ரீசரில் இருக்கிறது, நாளைக் காலையில் பழையதைக் கழற்றுகிறேன். மகளிடம் அடுத்த வாரம் என்று சொல்லியிருக்கிறேன்.